சோத்துப்பட்டியார் ஜாம்பி சுட்ட கதை

கோவில்பட்டிக்குக் கிழக்க, பஸ் நிக்குமா நிக்காதான்னு டிரைவருக்கே சந்தேகம் வர்ற எடத்துல சோத்துப்பட்டி இருக்கு. அந்த ஊர்க்காரங்களுக்கு அறிவு இல்லன்னு யாரும் சொல்லிர முடியாது. இருக்கு. என்ன, சொன்னதச் சொன்னபடி செய்யறதுக்கே அது செலவாயிருது, மிச்சம் பிடிக்க முடியல. "இங்கனயே நில்லுங்க, வந்துர்றேன்"னு ஒருத்தர் சொல்லிட்டுப் போனதுக்காக அந்த ஊர்ல ஒரு மனுசன் நாலு நாள் நின்னிருக்காரு. அஞ்சாவது நாள் சொன்னவரு வந்து, ஏன் இன்னும் நிக்கீங்கன்னு கேட்டதுக்கு, நீங்க உக்காரச் சொல்லலையேன்னாராம்.

அப்படி நின்னவரு பெத்த மகன்தான் நம்ம ஆறுமுகநயினார்.

நயினாரு இன்ஜினியரிங் மூணாவது வருசத்துல காலேஜ விட்டவன். கோவப்பட்டெல்லாம் விடல. ஒரு நாள் வாத்தியாரு, "இஷ்டம் இல்லாதவன் எந்திரிச்சுப் போலாம்"னு சொன்னாரு. நயினாரு எந்திரிச்சான், போனான், பஸ் ஏறினான், வீட்டுக்கே வந்துட்டான். வாத்தியாரு சொன்னது அந்த ஒரு வகுப்பையா, மொத்தப் படிப்பையான்னு அவனுக்கு இன்னைக்கு வரைக்கும் லேசா ஒரு சந்தேகம் உண்டு. கேட்டுட்டு வந்திருக்கலாம்னு தன்னையே நொந்துக்குவான்.

வந்தவன் சும்மா இருக்கல. கூட ரெண்டு பேரச் சேத்துக்கிட்டு, பிளெக்ஸ் போர்டு கடை மாடியில ஒரு பழைய கம்ப்யூட்டர வச்சு வீடியோ கேம் செய்ய ஆரம்பிச்சான். செத்தவங்க எந்திரிச்சு ஊருக்குள்ள வருவாங்க, அவங்களுக்கு ஜாம்பின்னு பேரு. கடிச்சா கடிபட்டவனும் ஜாம்பி. ஹீரோ துப்பாக்கியால சுட்டு உயிர் தப்பிக்கணும். அவ்வளவுதான் கேம்.

படம் போடறது கொம்பையா. கீழ பிளெக்ஸ் கடையில டிசைன் பண்றவன் அவன்தான். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம்னு போர்டு போட்டே கை பழகிருச்சு, அதனால அவன் வரைஞ்ச ஜாம்பி ஒவ்வொண்ணும் வெள்ளை வேட்டி கட்டி, கையக் கூப்பி, சிரிச்சுக்கிட்டேதான் கடிக்க வரும். சத்தம் சேக்குறது எபனேசர். சர்ச்சுல கீபோர்டு வாசிக்கிறவன். அவன் போட்ட துப்பாக்கிச் சத்தத்துக்குப் பின்னால உத்துக் கேட்டா பத்துப் பேர் கோரஸ் பாடுறது கேக்கும்.

இதுல நயினாருக்கு ஒரு இக்கட்டு இருந்துச்சு. அக்கா வீட்டுக்காரர் இசக்கிதுரை அத்தான் நாமக்கல் பக்கம் பதினாறாயிரம் கோழியோட பண்ணை வச்சிருக்காரு. ஏப்ரல் பதினஞ்சுக்குள்ள கேம எவனாவது வாங்கினா நீ உன் வழியப் பாரு, வாங்கலன்னா பேசாம பண்ணைக்கு வந்து தீவனம் போடுன்னு தீத்துச் சொல்லிட்டாரு. நயினாருக்குக் கோழி ஆகாது. தலையச் சாய்ச்சு ஒத்தக் கண்ணால பாக்கும்ல, அந்தப் பார்வை ஆகாது. காலேஜ்ல வாத்தியாரு அப்படித்தான் பாப்பாரு. ஒரு வாத்தியாருக்கே ஓடி வந்தவன் பதினாறாயிரம் வாத்தியார எப்படித் தாங்குவான்.

நல்ல காலம், மெட்ராஸ்ல ஒரு கேம் கம்பெனி எட்டிப் பாத்துச்சு. அங்கன சாருமதின்னு ஒரு மேடம். கேம வெளயாடிப் பாத்துட்டு வீடியோ கால்ல வந்தாங்க. ஜாம்பி புதுசா இருக்கு, கையக் கூப்புறது பயமா இருக்குன்னாங்க. கொம்பையா வெக்கப்பட்டான். துப்பாக்கி மட்டும் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கு, ரியாலிட்டி பத்தலன்னாங்க.

"முதல்ல ஒரு நிஜத் துப்பாக்கியப் போய்ப் பாருங்க நயினார். அது என்ன செய்யுதோ அத அப்படியே கேம்ல வைங்க."

நயினாரு நோட்டுல எழுதிக்கிட்டான். அப்படியே.

சோத்துப்பட்டி சுத்துவட்டாரத்துல இருக்குறதே ஒரே துப்பாக்கிதான். அது பேங்க் வாசல்ல, செக்யூரிட்டி தளவாய் அண்ணாச்சி தோள்ல தொங்குது. ரெட்டைக்குழல். மூணு பேரும் காலையில பத்து மணிக்கு எதுத்த டீக்கடையில உக்காந்து அதையே பாக்க ஆரம்பிச்சாங்க. கொம்பையா படம் வரைஞ்சான். நயினாரு அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்க மணியப் பாத்துக் குறிச்சான். எபனேசர் சத்தம் புடிக்கச் செல்போன நீட்டிக்கிட்டு இருந்தான். பன்னெண்டு மணிக்கு பேங்க் மேனேஜர் ஷட்டர பாதி இறக்கிட்டாரு. தளவாய் அண்ணாச்சி ரோட்டத் தாண்டி வந்தாரு.

"என்னப்பா வேணும் உங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. துப்பாக்கி என்ன செய்யுதுன்னு பாத்துக்கிட்டு இருக்கோம்."

"அது என்னத்தச் செய்யும். சும்மா இருக்கும்."

நயினாரு எழுதினான்: சும்மா இருக்கும்.

இருபத்திரண்டு வருசத்துல அண்ணாச்சிகிட்ட யாரும் அந்தத் துப்பாக்கியப் பத்தி ஒரு வார்த்த கேட்டதில்ல. பென்ஷன் என்னைக்கு வரும், ஏ.டி.எம். ஏன் வேல செய்யலன்னுதான் கேப்பாங்க. மனுசன் இளகிட்டாரு. காலையில எண்ணெய் போட்டுத் துடைப்பேன், மதியம் செவுத்துல சாத்தி வச்சுட்டு சோறு திம்பேன், இன்னைக்கு வரைக்கும் ஒரு தடவகூட சுட்டதில்லன்னாரு. லைசென்ஸ் வாங்க எத்தன மனு, எத்தன போட்டோ, எந்தெந்த ஆபீஸ்ல எத்தன நாள் நிக்கணும்னு வரிசையாச் சொன்னாரு. எலெக்‌ஷன் வந்துட்டா லைசென்ஸ் வச்சிருக்கவங்க அத்தன பேரும் துப்பாக்கியப் போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும், பேங்க்குக்கு மட்டும் விலக்குன்னும் சொன்னாரு. நோட்டுல ஒம்பது பக்கம் ஆச்சு.

மாடிக்கு வந்து மூணு பேரும் கூடிப் பேசினாங்க.

"அப்ப நம்ம ஹீரோ சுடக் கூடாது"ன்னான் கொம்பையா.

"சுட்டா ரியாலிட்டி போயிரும்"னான் எபனேசர்.

"ஏலே, ஜாம்பி வந்தா?"ன்னான் நயினாரு.

"வரட்டும். பேங்க்குக்கும்தான் ஆள் வருது."

நயினாரால மறுத்துப் பேச முடியல. அவன் வாழ்க்கையில முக்கால்வாசி முடிவு இப்படி மறுத்துப் பேச முடியாமத்தான் நடந்திருக்கு. ஒரு வாரத்துல புதுக் கேம் தயாரு. இதுல ஹீரோ மொதல்ல துப்பாக்கி லைசென்சுக்கு மனு எழுதணும். மூணு போட்டோ ஒட்டணும். கிராம நிர்வாக அலுவலர்கிட்ட சான்று வாங்கணும், அவரு எப்பவும் வெளிய போயிருப்பாரு. அதுக்குள்ள ஜாம்பி வந்து தொடையக் கடிச்சா, 'மனு பரிசீலனையில் உள்ளது'ன்னு திரையில வரும். தப்பித் தவறி லைசென்ஸ் வந்து துப்பாக்கியும் கைக்கு வந்துட்டா, ஒரு பட்டனுக்கு எண்ணெய் போடலாம், இன்னொரு பட்டனுக்குச் செவுத்துல சாத்தி வைக்கலாம். மூணாவது பட்டன் இல்ல.

சாருமதி மேடம் வெளயாடிப் பாத்துட்டு வீடியோ கால்ல வந்து, நெத்தியில கைய வச்சது வச்சபடி இருந்தாங்க. நெட் கட்டாயிருச்சோன்னு எபனேசர் ஒயர ஆட்டினான். அப்புறம் மேடம் ரொம்பப் பொறுமையா, துப்பாக்கின்னா சுடணும்னாங்க. அதையும் எழுதிக்கிட்டான்.

"இன்னொண்ணு. பழைய கேம்லயே உங்க குறி சுத்தமா சரியில்ல. குறியப் பத்தி நல்லாத் தெரிஞ்ச ஒருத்தரப் பக்கத்துல வச்சுக்கிட்டுச் செய்யுங்க."

சோத்துப்பட்டியில குறியப் பத்தித் தெரிஞ்சவங்க ஒரே ஆள்தான். செவ்வாய் வெள்ளிக்குச் சோழி போட்டுக் குறி சொல்ற வெயிலுகந்தாள் அக்கா. மாடு காணாமப் போனா திசை சொல்லும், மருமக கோவிச்சுக்கிட்டுப் போனா தேதி சொல்லும். மூணு பேரும் வெத்தலை பாக்கு, எலுமிச்சம்பழம், சூடம் எல்லாம் வாங்கிக்கிட்டு மரியாதையாப் போய்க் கூப்பிட்டாங்க. அக்கா மாடியேறி வந்து, கம்ப்யூட்டருக்கு ஒரு பொட்டு வச்சுட்டு, தெருவுல தன்னந்தனியா நிக்கிற ஹீரோவக் கொஞ்ச நேரம் பாத்துச்சு. யாரு பெத்த புள்ளையோன்னு ஒரு பெருமூச்சு விட்டுச்சு. நட்சத்திரம் என்னன்னு கேட்டுச்சு. ஹீரோவுக்கு நட்சத்திரம் வைக்கலையேன்னு மூணு பேருக்கும் தூக்கிவாரிப் போட்டுருச்சு. இவ்வளவு நாளா இது தோணலையே, நாமெல்லாம் ரியாலிட்டி பேசறோமேன்னு நயினாரு தன் மண்டையில தானே ஒரு குட்டு வச்சுக்கிட்டான். பேசி முடிச்சு, பரணின்னு வச்சாங்க. அக்கா சோழிய உருட்டிப் போட்டுக் கண்ண மூடிச்சு.

"வடக்க இருந்து ஒரு கூட்டம் வருது. சிரிச்சுக்கிட்டே வருது. கையெடுத்துக் கும்புடும். நம்பிராத."

மூணு பேருக்கும் மயிர் கூச்செறிஞ்சு போச்சு. அக்கா ஜாம்பியப் பாத்ததே இல்ல, ஹீரோவ மட்டுந்தான் பாத்துச்சு. வேலைய உடனே ஆரம்பிச்சாங்க. இனிமே ஹீரோ குறி பாக்குற பட்டன அமுக்கினா, பக்கத்துல வெயிலுகந்தாள் அக்கா தோணும், சோழி உருட்டும், குறி சொல்லும். சொல்லி முடிச்ச பிற்பாடுதான் துப்பாக்கி வெடிக்கும். பத்துத் தடவ ஓட்டிப் பாத்தாங்க. பத்துத் தடவையும் வடக்க இருந்துதான் கூட்டம் வந்துச்சு, சிரிச்சுக்கிட்டேதான் வந்துச்சு, ஹீரோ செத்துத்தான் போனான்.

"பத்துக்குப் பத்து"ன்னான் கொம்பையா. "இதவிடக் குறி சுத்தமா இருக்க முடியாது மாப்ள."

மேடத்துக்கு அனுப்பினாங்க. மேடம் உடனே கூப்பிட்டாங்க. உங்கள்ல யாராவது வாழ்க்கையில ஒரு தடவையாச்சும் சுட்டிருக்கீங்களான்னு கேட்டாங்க. எபனேசர், வடை சுட்டிருக்கேன் மேடம்னான். மூணு பேரும் எங்கயாவது போய் ஒரு தடவ சுட்டுப் பாத்துட்டு வாங்க, உங்களுக்குக் கையில என்ன தெரியுதோ அத வைங்க, இதான் கடைசின்னு சொல்லிட்டு வச்சுட்டாங்க.

கோவில்பட்டி பொருட்காட்சியில பலூன் சுடுற கடை இருந்துச்சு. ஒரு பலகையில வரிசையாப் பலூன் கட்டியிருக்கும், துப்பாக்கிய நடுவுல ஒடிச்சு, ஒரு குண்டு போட்டு, மடக்கிச் சுடணும். நயினாரு நீலப் பலூனப் பாத்துச் சுட்டான், பக்கத்துச் செவப்பு வெடிச்சுச்சு. கொம்பையா செவப்பப் பாத்தான், மஞ்ச வெடிச்சுச்சு. எபனேசர் ரெண்டு கண்ணையும் மூடிக்கிட்டுச் சுட்டான், கடைக்காரரு டிபன் பாக்ஸ் கீழ விழுந்துச்சு. கடைக்காரரு வந்து விளக்கினாரு. குழல் வலது பக்கம் லேசா வளைஞ்சிருக்கு, எதச் சுடணுமோ அதுக்கு எடது பக்கம் பாக்கணும், மூச்சப் புடிக்கணும், அவசரப்பட்டா கை ஆடும், ஒவ்வொரு குண்டுக்கும் ஒடிச்சுத்தான் ஆகணும்னாரு. நயினாரு தோள்பட்டையில வலியோட எல்லாத்தையும் எழுதினான்.

எழுதினத அப்படியே வச்சாங்க. இப்ப ஹீரோ சுட்டா கை ஆடுது. குண்டு தள்ளிப் போகுது. ஒரு குண்டு போட்டு முடிக்கறதுக்குள்ள ஜாம்பி ரெண்டு எட்டு வச்சிருது. பயத்துல மூச்சு வாங்கினா இன்னும் மோசமாத் தப்புது. சாருமதி மேடம் நெட் வழியா மாடிக் கம்ப்யூட்டர்லயே ரெண்டு மணி நேரம் வெளயாடிட்டு, அவங்களாவே கூப்பிட்டாங்க.

"இப்பத்தான் துப்பாக்கி நிஜமா இருக்கு நயினார். பதினஞ்சாந்தேதி எங்க எம்.டி.க்குக் காட்டிரலாம்."

நயினாரு அத்தானுக்குப் போன் போட்டு, கோழிக்கு வேற ஆள் பாத்துக்கிடுங்கன்னு சொல்லிட்டான். வாழ்க்கையில மொத தடவையா தன்ன ஒரு அறிவாளின்னு நெனச்சான். அந்த நெனப்பு மூணு நாள் இருந்துச்சு. நாலாவது நாள் எலெக்‌ஷன் அறிவிச்சுட்டாங்க.

டீக்கடை பேப்பர்ல கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சு: துப்பாக்கி வச்சிருக்கவங்க ஒரு வாரத்துக்குள்ள ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும். கொம்பையா அத ரெண்டு தடவ படிச்சுட்டு முகம் வெளுத்துப் போனான்.

"நம்மகிட்ட ஒண்ணு இருக்குல்ல"ன்னான்.

"அது கேம்ல இருக்குலே"ன்னான் நயினாரு.

"மேடம் என்ன சொன்னாங்க? நிஜம்னாங்கல்ல."

"லைசென்ஸ் வேற நாமளே குடுத்திருக்கோம்"னு எபனேசர் சேத்துக்கிட்டான். "மூணு போட்டோவோட."

நயினாரு ரொம்ப யோசிச்சுப் பாத்தான். எங்கயோ ஒரு ஓட்டை இருக்குன்னு தெரியுது, எங்கன்னு தெரியல. கம்ப்யூட்டர ஒரு மொபெட்ல வச்சுக் கட்டி, ரெண்டு பேர் ரெண்டு பக்கம் புடிச்சுக்கிட்டு, ஸ்டேஷனுக்குக் கொண்டு போனாங்க.

ஸ்டேஷன்ல எழுத்து வேலையெல்லாம் பாக்குற ரைட்டருக்கு அன்னைக்கு மூச்சு விட நேரமில்ல. ஒரு பக்கம் கொடி கட்டின தகராறு, ஒரு பக்கம் துப்பாக்கியோட வரிசை. கம்ப்யூட்டர் வைக்க இங்க எடமில்ல, துப்பாக்கிய மட்டும் வச்சுட்டுப் போங்கன்னாரு. துப்பாக்கிய மட்டும் எப்படி எடுக்கறது? பென்டிரைவுல எடுத்துரலாம்னு எபனேசர் சொன்னான். நயினாரு காப்பி பண்ணப் போனான். கொம்பையா பதறிப் போய்க் கையப் புடிச்சான்.

"காப்பி பண்ணா ரெண்டு துப்பாக்கி ஆயிரும்லே. லைசென்ஸ் ஒண்ணுக்குத்தான இருக்கு."

அதுவும் சரிதான். சட்டத்துக்குப் பயந்து, காப்பி இல்லாம, கேம்ல இருந்த துப்பாக்கிய வேரோட வெட்டி எடுத்து பென்டிரைவுல போட்டாங்க. ரைட்டரு தலையத் தூக்காம அத வாங்கி, துணிச்சீட்டு கட்டி, துப்பாக்கியெல்லாம் வச்சிருக்க அறையில போட்டுட்டு, 6ன்னு நம்பர் போட்டு ரசீது குடுத்தாரு.

படி எறங்கறப்பத்தான் நயினாருக்கு ஒண்ணு ஒறைச்சுச்சு. பதினஞ்சாந்தேதி எம்.டி.க்குக் காட்டக் கேம்ல துப்பாக்கி இல்ல. ஹீரோ வெறுங்கையோட நிக்கான். ஜாம்பி கும்புடுது, இவனும் பதிலுக்குக் கும்புடுறான், கடிச்சிருது.

மேடத்துக்குப் போன் போட்டு, துப்பாக்கி போலீஸ்ல இருக்கு, ஓட்டு எண்ணி முடிச்சாத்தான் தருவாங்கன்னு சொன்னான். மேடம் காலண்டரப் பொரட்டிப் பாத்தாங்க. கடைசியில, எம்.டி. மே இருபது ராத்திரி வெளிநாடு போறாரு, அன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் டைம் தர்றேன், துப்பாக்கி கைக்கு வந்ததும் முதல்ல எனக்கு வீடியோ கால்ல காட்டுங்க, நிஜமா இருந்தாத்தான் மேல போகும்னாங்க. அத்தானும் எலெக்‌ஷன்னு கேட்டதும் கெடுவத் தள்ளி வச்சு, மே இருபது நானே வேன எடுத்துட்டு வர்றேன், அஞ்சு மணிக்கு ஒண்ணு அது, இல்லன்னா இதுன்னாரு.

ஓட்டுப் போட்டு, எண்ணி, வெடி போட்டு எல்லாம் முடிஞ்சு, மே இருபது சாயங்காலம் நாலரைக்குத்தான் துப்பாக்கியத் திருப்பிக் குடுக்க ஆரம்பிச்சாங்க. வெளிய அத்தானோட வேன் நிக்குது, பின்னால கூண்டுல எரநூறு கோழி, எல்லாம் ஒத்தக் கண்ணால ஸ்டேஷன் வாசலையே பாத்துக்கிட்டு இருக்கு. கொம்பையா பரபரப்புல ரசீதத் தலைகீழாப் புடிச்சு நீட்டினான். ரைட்டரு தலையத் தூக்காம 9ன்னு படிச்சு, உள்ள போயி, ஒரு ரெட்டைக்குழல் துப்பாக்கியக் கொண்டாந்து நயினாரு கையில குடுத்துட்டாரு.

மூணு பேரும் அத ஓரமாக் கொண்டு போய்ப் பாத்தாங்க.

"குடுக்கறப்ப வெரல் தண்டிதான இருந்துச்சு"ன்னான் எபனேசர்.

"அம்பது நாளாச்சுல்ல"ன்னான் கொம்பையா. "வளந்திருக்கும்."

நயினாருக்கும் அது சரின்னு பட்டுச்சு. மணி நாலு அம்பது. வீடியோ காலப் போட்டு, துப்பாக்கியத் தூக்கிக் காட்டினான். கனத்துக்கு ரெண்டு கையும் வேணும்னு, எபனேசர் போனப் புடிச்சுக்கிட்டான். சாருமதி மேடம் கண்ணாடியப் போட்டுக்கிட்டு மேலயும் கீழயும் பாத்தாங்க. பின்னால கொம்பையா கையக் கூப்பிக்கிட்டு நின்னான்.

"என்ன நயினார் இது. மரக்கட்டைய ஒட்டி வச்சிருக்கீங்க, குழல் மேல துரு, நுனியில கயித்தச் சுத்தியிருக்கு. யாராவது இப்படித் துப்பாக்கி வச்சிருப்பாங்களா? பழையபடி பொம்மையாக்கிட்டீங்களே. சாரி. இதுல ரியாலிட்டியே இல்ல."

கால் கட்டாயிருச்சு. வெளிய அத்தான் ஆரன் அடிச்சாரு.

நயினாருக்கு அழுக வரல. தப்பு தன்மேலதான், ரியாலிட்டிய எங்கயோ கோட்ட விட்டுட்டோம்னு அவனுக்கு நல்லாத் தெரிஞ்சுச்சு. துப்பாக்கியத் தூக்கிட்டு மறுபடியும் ரைட்டர் மேசைக்குப் போனான்.

"சார், இதுல நிஜம் கொஞ்சம் கம்மியா இருக்காம். நீங்களே வச்சுக்கிடுங்க."

துப்பாக்கியத் திருப்பி வாங்கினா ரசீது போடணும்னு சட்டம். ரைட்டரும் அம்மன்கோயில் சத்தியமாச் சோத்துப்பட்டிக்காரருதான். தலையத் தூக்காம எழுதினாரு: 'இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று. நிஜம் போதாத காரணத்தால் உரிமையாளரால் திரும்ப ஒப்படைக்கப்பட்டது.' மூணு பேர்கிட்டயும் கையெழுத்து வாங்கினாரு. அப்புறம், நிஜமானது ஏதும் வந்துச்சுன்னா எந்த விலாசத்துக்குத் தகவல் அனுப்பணும்னு கேட்டாரு.

நயினாரு கோழிப்பண்ணை விலாசத்த எழுதிக் குடுத்துட்டு வேன்ல ஏறினான்.